வாடகைக்குத் தராத கொடை

பார்க் எக்ஸ்டென்ஷனில் இயங்கும் சிறு அமைப்புகளிடம் என்ன தேவை என்று கேட்டால், வாடகை என்றுதான் முதலில் சொல்வார்கள். 2019இல் தண்டவாளத்துக்குத் தெற்கே மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தபின் இங்கு வாடகை ஏறிய கதையை நாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொம்பனிச் செல்வத்தில் பிறந்த அறக்கட்டளைகளோ பெரும்பாலும் "திட்டம்" கேட்கின்றன. அது புதியதாக இருக்கவேண்டும், இரண்டு மூன்று வருடத்தில் முடியவேண்டும், பலனை அளந்து காட்டவேண்டும். முதியவர்கள் கிழமைக்கு ஒருநாள் கூடித் தேநீர் குடிப்பதை எந்தக் கோலால் அளப்பது?

இது யாருடைய பணம் என்பதையும் கேட்டாக வேண்டும். அந்த்ரே ஷன்யோன் 1964இல் தொடங்கிய கேபிள் தொலைக்காட்சிக் கொம்பனி வீடியோட்ரோன். எம்மவர் வீடுகள் பலவும் அதற்கு மாதாமாதம் கட்டணம் கட்டியவைதான். 2000இல் அதைக் கியூபெக்கோர் வாங்கியபோது பெருந்தொகை போட்டுத் துணைநின்றது கியூபெக்கின் பொது ஓய்வூதிய நிதியை முதலீடு செய்யும் 'கெஸ்'. தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் நின்ற எமது சம்பளத்தில் வெட்டிய காசும் அந்த நிதிக்குள் இருந்தது. விற்றதில் ஏறத்தாழ 1,400 மில்லியன் டொலர் ஷன்யோன் குடும்ப அறக்கட்டளைக்குப் போனது. அறக்கட்டளைக்கு வருமான வரி இல்லை. ஆகவே அந்தக் கொடையில் ஒரு பங்கு எல்லோருடையதும்தான்.

2009இல் கியூபெக் அரசும் இந்த அறக்கட்டளையும் சேர்ந்து சிறுபிள்ளைகளுக்கென 10 வருடத்துக்கு 400 மில்லியன் டொலர் ஒதுக்கின. 250 அவர்களுடையது, 150 அரசினது. இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. ஒரு குடும்பம் அமைச்சருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தது. சமூக அமைப்புகள் பல எதிர்த்தன. 2015இல், இத்தகைய கூட்டுகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறக்கட்டளையே அறிவித்தது. அமைச்சரைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். இவர்களை யார் என்ன செய்வது? நியாயத்துக்கு இதையும் சொல்லவேண்டும்: அதே 2015இல் அவர்கள் வேறு சில அறக்கட்டளைகளுடன் சேர்ந்து, அரசின் செலவுக்குறைப்பு ஏற்றத்தாழ்வைக் கூட்டும் என்று பகிரங்கமாக எச்சரித்தார்கள். அரசு விட்ட இடத்தைத் தம்மால் நிரப்ப முடியாதென்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

சட்டமும் தாராளமானது. வருடாவருடம் சொத்தில் 3.5 வீதத்தைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது; 2023 முதல் ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட பகுதிக்கு 5 வீதம். மிச்சம் முதலீட்டில் குட்டி போடும். பதிவிலக்கம் இல்லாத சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு 2022 வரை அவர்கள் நேரடியாகக் கொடுக்க வழியே இருக்கவில்லை. இப்போது வழி உண்டு. கூடவே கட்டுக்கட்டாகப் படிவமும் உண்டு.

ஊரில் சனசமூக நிலையங்கள் சந்தாவில் நடந்தன, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி சேர்ந்தது. பிடியரிசி போட்டவர் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கணக்குக் கேட்பார். பத்திரிகை வாசிப்பதால் விளைந்த பலனை எழுதித் தா என்று கேட்கமாட்டார். (சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுக்கும் காசில் ஒரு பங்கு இங்குள்ள சங்கங்களுக்கு வந்தாலும் குறைந்துபோக மாட்டோம்.)

எமது சங்கங்கள் இல்லாத திட்டங்களுக்குப் பெயர் தேடுவதை நிறுத்தட்டும். அடுத்த படிவத்தில் வாடகை, சூடாக்கி, ஒருவரின் சம்பளம், ஐந்து வருடம் என்று எழுதுவோம். மறுத்தால், மறுப்புக் கடிதத்தைப் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசிப்போம். அதன் பிரதியைத் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்புவோம்.