தழை வெட்டுபவர்களிடமே காட்டைக் கொடுங்கள்

உத்தராகண்டில் கோடையில் காடு எரியும்போதெல்லாம் சிர் பைன் மரத்தின்மேல் பழி விழுகிறது. பாஞ்ச் எனப்படும் பசுமை மாறா ஓக் மரத்துக்குப் புகழ் சேர்கிறது. பழியில் நியாயம் உண்டு. பைனின் காய்ந்த ஊசியிலைச் சருகு பிசின் ஊறியது, ஒரு பொறி போதும். ஆனால், பைனை அகற்றி பாஞ்சை நட்டு ஆளண்டாமல் வேலி போட்டால் தீர்ந்தது என்ற முடிவில் எனக்கு உடன்பாடில்லை. குமாவுன், கட்வால் மலைகளில் ஏறத்தாழ 1,500 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாஞ்ச், ஊரோடு சேர்ந்து வாழும் மரம். புல் காய்ந்துபோகும் பனிக்காலத்தில் அதன் தழைதான் மாட்டுக்குத் தீவனம். உதிர்ந்த இலை தொழுவத்தில் பரப்பப்பட்டு, சாணத்தோடு மட்கி, படிவயலுக்கு எருவாகிறது. கட்டை கலப்பைக்கும் அடுப்புக்கும் போகிறது. இப்படிப்பட்ட மரத்தை ஊரைத் தள்ளிவைத்துக் காக்க முடியாது.

வரலாறும் இதையே காட்டுகிறது. பிரிட்டிஷ் வனத்துறைக்கு வருமானம் தந்தது பைன்தான்: பிசினும் தண்டவாளக் கட்டையும் அதிலிருந்து கிடைத்தன. 1911-17இல் குமாவுனின் காடுகள் பெருமளவில் அரசுக் காப்புக்காடுகள் ஆயின. மக்களின் தழை உரிமை சுருங்கியது. 1921இல் கிளர்ச்சி வெடித்து காடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. எரிந்தவை பைன் காடுகள். அதே அரசின் பிடியில் இருந்த, பாஞ்ச் போன்ற அகன்ற இலை மரக் காடுகளை மக்கள் விட்டுவைத்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எடுத்துக்காட்டியிருக்கிறார். அரசு இறங்கிவந்ததன் விளைவே, ஊர்க்காட்டை ஊராரே நிர்வகிக்கும் மன்றங்களுக்கான 1931இன் வனப் பஞ்சாயத்து விதிகள். இன்று மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உண்டு. எண்ணிக்கைக்குக் குறைவில்லை, அதிகாரம்தான் வனத்துறையின் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது.

மரத்தை மொட்டையடிப்பதே ஊர்க்காரர்கள்தானே என்பார்கள். உண்மைதான். ஆண்டுதோறும் தழை ஒடிக்கப்படும் பாஞ்ச் குச்சியாய் நின்று, காய்க்காமல் பட்டுப்போகிறது. வெளிச்சம் விழுந்த அந்த இடத்தில் பைன் முளைக்கிறது. ஆனால் அந்தக் காட்டை அடுத்த ஆண்டும் தாங்கள்தான் வெட்டப்போகிறோம் என்ற உறுதி இல்லாதவர்கள் எதற்காக ஒரு பகுதிக்கு ஓய்வு கொடுப்பார்கள்? முறை வைத்து வெட்டுவதும் காவலாள் போடுவதும் நன்றாக நடக்கும் பஞ்சாயத்துகளில் பழைய வழக்கம். சமையல் எரிவாயு வந்தது விறகுச் சுமையைக் குறைத்திருக்கிறது. ஆனால் சிலிண்டரை மாடு தின்னாது.

பாஞ்ச் இருந்தால் ஊற்று வற்றாது என்ற நம்பிக்கையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். அது ஈரமான சரிவுகளையே விரும்பும் மரம். ஊற்றுக்குப் பக்கத்தில் அது நிற்பதாலேயே ஊற்று அதனால் பிறந்தது ஆகாது. அதன் மட்கிய இலைப்போர்வை மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறது, சரிவு அரிபடுவதைத் தடுக்கிறது என்பதே போதுமான நன்மை. கட்வாலின் உஃப்ரைங்கால் பகுதியில் கிராமத்தார் மரம் மட்டும் நடவில்லை. மழைநீரைத் தேக்க, சரிவெங்கும் சிறு நீர்க்குழிகளும் வெட்டினார்கள்.

ஆபத்துகளையும் மறைக்க வேண்டியதில்லை. வசந்தத்தில் துளிர்க்கும் இளந்தளிரில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. வேறு தீவனமின்றி அதையே தின்னும் மாட்டுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போகலாம். தழைக்காக உச்சிக்கிளைவரை ஏறும் பெண்கள் விழுந்து இறக்கிறார்கள். இவை பாஞ்சைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. ஊருக்கு அருகே தீவனப்புல் வளர்க்க நிலமும், அதற்கான பணமும் பஞ்சாயத்தின் கையில் வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

கடைசியாக எழும் தடை, பாஞ்ச் மிக மெதுவாக வளரும் என்பது. அதன் கொட்டை உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். முளைத்த கன்றையும் ஆடுமாடுகளிடமிருந்து பல ஆண்டுகள் காக்க வேண்டும். மழைக்காலத்தில் நட்ட கன்றுகளை எண்ணிக் கணக்கை முடிக்கும் அரசுத் திட்டங்களுக்கு இது ஒத்துவராது. ஆகவே நட்ட எண்ணிக்கைக்கு அல்ல, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் உயிரோடு நிற்கும் மரங்களுக்கே பஞ்சாயத்துக்குப் பணம் தர வேண்டும்.