நம் ஊர் முட்டைக்காக ஒரு வார்த்தை



“உற்பத்தித் துறை சரிவு” என்று செய்தி வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி எது? “நம்ம கம்பெனிக்கு ஒண்ணும் இல்லையே?” என்பதுதான். ஓவர்டைம் குறையுமா, போனஸ் வருமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். நியாயமான பயம். சுதந்திரத்துக்குப் பிறகு 1985இல் சிங்கப்பூர் முதல் பொருளியல் சரிவைச் சந்தித்தது. மறு ஆண்டே முதலாளிகள் செலுத்தும் மத்திய சேம நிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக இறங்கியது. சேம நிதியை நம்பி வீட்டுக் கடன் கட்டிய குடும்பங்கள் அந்த ஆண்டை எப்படி ஓட்டின என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இங்கே தயாராகும் பொருள்களில் நம் வீட்டுக்கு வருவது எது? உலகின் மின்னணுச் சில்லுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று சிங்கப்பூரில் உருவாகிறது. மருந்துகளும் விமான இயந்திரப் பாகங்களும்கூட இங்கே தயாராகின்றன. பெரும்பாலும் அவை வெளிநாட்டுக்குப் போகின்றன. அவை நமக்குச் சம்பளம் தருகின்றன. நம் சமையலறைக்கு வருவதில்லை.

முன்பு இப்படி இல்லை. தேக்காவில் கெர்பாவ் சாலையில், வானவில் நிறங்களில் நிற்கும் டான் டெங் நியாவின் வீட்டைத் தெரியாதவர் யார்? 1900இல் கட்டப்பட்ட அந்த வீட்டின் சொந்தக்காரர் சிராங்கூன் சாலைப் பக்கம் மிட்டாய் ஆலைகள் நடத்தியவர். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு தொழில் வாழ்ந்தது. புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார்களைப் பாகம் பாகமாகப் பொருத்தி உருவாக்கினார்கள். இறக்குமதிக் கார்களுக்கு எதிரான பாதுகாப்பு நீங்கிய 1980லேயே அந்த ஆலையும் மூடப்பட்டது.

பாதுகாப்பை நீக்கிய அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன். நம்மைப் போன்ற சிறிய ஊர் கதவைச் சாத்திக்கொண்டால் முதலில் ஏறுவது நம் வீட்டு மளிகைச் செலவுதான். இறக்குமதியைத் தடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது.

ஆனால் இறக்குமதியோடு அன்றாடம் மல்லுக்கட்டும் உள்ளூர் உற்பத்தி ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. முட்டை, கீரை, மீன். 2024இல் நாம் சாப்பிட்ட முட்டையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வந்தது. காய்கறியில் வெறும் 3 விழுக்காடு. மலேசியாவின் கேமரன் மலையில் கீரைக்குக் குளிர்ந்த காற்று இலவசம். இங்கே கட்டடத்துக்குள் கீரை வளர்ப்பவர் அந்தக் குளிருக்கும் வெளிச்சத்துக்கும் மின்கட்டணம் கட்டவேண்டும். நிலமோ குத்தகை, ஆள்கூலியும் அதிகம். எப்படி விலையில் போட்டியிடுவார்? பண்ணைகள் சில மூடிவிட்டன. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வோம் என்று 2019இல் அறிவித்த இலக்கை, அரசாங்கம் 2025 நவம்பரில் கைவிட்டது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20, புரத உணவில் 30 விழுக்காடு என்பது புதிய இலக்கு.

காலம் மந்தமாகும்போது நாம் என்ன செய்கிறோம்? பேரங்காடியில் விலைச்சீட்டைப் பார்த்து, ஐம்பது காசு குறைந்ததை எடுத்துக்கொள்கிறோம். தவறே இல்லை. ஆனால் ஆர்டர் குறைந்தால் தொழிற்சாலை ஒரு ஷிஃப்டை நிறுத்தலாம். கோழிப்பண்ணையில் அது நடக்காது. வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோழிக்குத் தினமும் தீவனம் போடவேண்டும். அந்தச் செலவைத் தாங்காமல் ஒரு பண்ணை மூடிவிட்டால், நமக்கு அவசரம் வரும் நாளில் அதைத் திறக்க முடியாது.

அவசரம் வருமா என்று கேட்கிறீர்களா? 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு, மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் பேரங்காடிகளில் எவ்வளவு கூட்டம் என்பது நினைவிருக்கும். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நம் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு முறையும் நம்மைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு பல நாடுகளிலிருந்து வரும் இறக்குமதிக்குத்தான். அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மலேசியாவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி வராத அந்த மூன்றில் ஒரு பங்கு முட்டை, அப்படிப்பட்ட வாரத்தில் எவ்வளவு தெம்பு!

வருமானம் குறைந்து, ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திடம் நான் எதையும் கேட்கவில்லை. மலிவானதையே வாங்குங்கள். முடிந்தவர்களிடம்தான் கேட்கிறேன். வழக்கமாக வாங்கும் முட்டையில் ஒரு பங்கு உள்ளூர் முட்டையாக இருக்கட்டுமே? பேரங்காடியில் செலவிட சிடிசி பற்றுச்சீட்டு கையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

வீடுகளைவிட அதிகம் செய்யக்கூடியவர்கள் நம் உணவகக்காரர்கள். முட்டை புரோட்டா, முட்டை தோசை, முர்தபா, கல்யாண கேட்டரிங் என்று தேக்காவில் ஒரு நாளில் உடையும் முட்டைகள் கொஞ்சமா? முட்டை, காய்கறி போன்ற உணவு வகைகளில் குறைந்தது 15 விழுக்காட்டை உள்ளூர்ப் பண்ணைகளிடம் எடுக்கும் உணவகங்களைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு 2023 முதல் அங்கீகரித்து வருகிறது. அந்த அங்கீகாரச் சின்னம் சிராங்கூன் சாலை உணவகங்களின் கண்ணாடிக் கதவுகளில் வரிசையாகத் தெரிந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அடுத்த முறை சாப்பிடப் போகும்போது, “அண்ணே, முட்டை எங்கேருந்து வருது?” என்று கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் நாலு பேர் கேட்டால் முதலாளி யோசிப்பார்.

உங்கள் வட்டாரத்தில் உள்ளூர்க் கீரையும் முட்டையும் எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பேட்டைவாரியாகப் பட்டியல் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்