வண்டிக்கும் பல்லு மட்டும் பார்த்தா போதுமா?

பழைய தார் ஜீப் வாங்கணும்னு கிளம்புறவங்க கேட்கிற முதல் கேள்வி, “எந்த வருஷ மாடலுங்க?” நம்ம பணத்தைக் கரைக்கிறதே இந்தக் கேள்விதான்.

மாடு வாங்கும்போது பல்லை மட்டுமா பார்க்கிறோம்? சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், ஏர்ல பூட்டியும் பார்க்கிறோம்.

2020-ல் வந்த புதுத் தார்ல ஏர்பேக் உண்டு, ரோட்டுக்கு நல்லதுதான், மறுக்கலை. ஆனா 2023 ஜனவரியில பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் வந்துச்சு. வருஷத்தைப் பார்த்து அதை வாங்கினவர், மழை பெஞ்ச மறுநாள் அம்மாபேட்டை வாய்க்கால் கரையில உர மூட்டையோட ஏறிப் பார்க்கட்டும். டிராக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

காட்டு வேலைக்கு என் ஓட்டு, 2015-க்கு அப்புறம் வந்த பழைய உருவத் தார் சிஆர்டிஇ. நாலு சக்கர இழுவை, லோ கியர், பின்னால தானா பூட்டிக்கிற டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் சேத்துல வெறுமனே சுத்தினா மறு சக்கரம் பிடிச்சுக்கும். டிஐ தார்னா உஷார், அதுல ரெண்டு சக்கர இழுவையும் உண்டு.

வருஷம் முக்கியமாகறது ஆர்.சி. புக்குலதான். 15 வருஷம் ஆனா எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு.

மத்தபடி, அடியில படுத்து சேஸிஸ்ல துரு, வெல்டிங் பாருங்க. “சேத்துல இறக்கிக் காட்டுங்க”ன்னு கேளுங்க. தயங்கினா, வேற வண்டி பாருங்க.