பிராசசர் பெயர் போதாது, வாட் எவ்வளவு என்று சொல்லுங்கள்

வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளுக்கு ஷூ பேட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் இருப்பவன் என்பதால், தெரிந்தவர்கள் லேப்டாப் வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். மே, ஜூனில் கல்லூரி சேரும் பிள்ளைகளின் பெற்றோர். மற்ற நாட்களில் என்னைப் போன்ற டிசைனர்கள். "ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம்ணே, இருக்கறதுலயே பெரிய பிராசசரா சொல்லுங்க" என்பார்கள். பெரிய பிராசசர் வேண்டாம், அந்தப் பணத்தில் பாதியை வேறு இடத்தில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

2025-ல் வந்த உச்ச ரகங்களையே எடுத்துக்கொள்வோம். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 9 285எச்எக்ஸ் சிப்பில் 24 கோர்கள். ஏஎம்டியின் ரைசன் 9 9955எச்எக்ஸ் சிப்பில் 16. கடையில் 24 என்றதும் கண் அங்கேதான் போகும். ஆனால் இன்டெல்லின் 24-ல் பெரிய கோர்கள் 8 தான், மீதி 16 சிறியவை. ஏஎம்டியின் 16-ம் பெரியவை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பார்க்கும். இரண்டையும் முழு வேகத்தில் ஓடவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் முடிக்கின்றன. இன்டெல்லிலேயே சில படிகள் கீழே உள்ள 255எச்எக்ஸ் சிப்பிலும் அதே 8 பெரிய கோர்கள் உண்டு. குறைவது 4 சிறிய கோர்கள். உச்ச வேகம் 5.5-க்குப் பதில் 5.2 கிகாஹெர்ட்ஸ். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

என் வேலையில் இது எப்படித் தெரிகிறது? ஷூவின் மேல்பகுதியான அப்பரை வரைந்து முடித்து 39-லிருந்து 45 வரை சைஸ் பிரிக்கும் கிரேடிங் வேலையில் பெரும்பாலும் ஒரே ஒரு கோர்தான் ஓடுகிறது. மற்ற கோர்கள் சும்மா இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். வெட்ட வேண்டிய துண்டுகளைத் தோலில் அடுக்கிப் பார்க்கும் நெஸ்டிங் அப்படியல்ல. தோல் துணி மாதிரி நேர்விளிம்போடு வருவதில்லை. கழுத்துப் பக்கம் சுருக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி, உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஷூவின் முன்பக்கத் துண்டான வேம்பும் பின்பக்கத் துண்டான குவார்ட்டரும் நல்ல இடத்தில் விழும்படி துண்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லாக் கோர்களும் முழுமூச்சாக ஓடும். ஒரு துண்டு கூடுதலாகக் கிடைத்தால் கம்பெனிக்கு அது காசு. அதனால் வேகமான பிராசசரே வீண் என்று நான் சொல்லவில்லை. முழு வேகம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

இங்கேதான் எங்கள் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மாடி அறையில், ஃபேனுக்கு அடியில், நெஸ்டிங் தொடங்கிய முதல் நிமிடம் லேப்டாப் பறக்கும். கொஞ்ச நேரத்தில் விசிறி இரையத் தொடங்கும், கீபோர்டுக்கு மேல் கை வைக்க முடியாது, வேகம் படிப்படியாக இறங்கும். சிப் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இதற்குச் சிப்பைக் குறை சொல்ல முடியாது. அதை எந்தப் பெட்டிக்குள், எத்தனை வாட்டுக்கு விட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370 என்ற ஒரே சிப்பை லேப்டாப் கம்பெனி 15 வாட்டிலிருந்து 54 வாட் வரை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 285எச்எக்ஸ் அடிப்படையில் 55 வாட், உச்சத்தில் 160. மெல்லிய உடம்பில் அடைத்த பெரிய சிப், நல்ல விசிறியுள்ள நடுத்தரச் சிப்பிடம் தோற்பது இதனால்தான். பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரிலோ சிப்பின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

வாட் குறைவாக இழுத்து நன்றாக ஓடுபவையும் உண்டு. ஆப்பிளின் எம்4, குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் இரண்டும் பேட்டரி விஷயத்தில் அருமை. எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் தாராளமாக வாங்கலாம். ஆனால் மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது, நீண்ட நெஸ்டிங் அதற்கு ஒத்துவராது. ஸ்னாப்டிராகனில் விண்டோஸ் ஓடினாலும், பேட்டர்ன் அச்சிடும் பிளாட்டருக்கும், மென்பொருள் லைசென்ஸுக்காகச் செருகும் டாங்கிளுக்கும் அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பத்து வருடப் பழைய டாங்கிளை வைத்துப் பிழைக்கும் எங்கள் பக்கத்து டிசைனர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது.

மிச்சமாகும் பணத்தை முதலில் ராமில் போடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியிருப்பதால், பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு இப்போது நம்பத்தக்கதல்ல. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. 16 ஜிபி வாங்கினால் கடைசி வரை 16 தான்.

ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டாமல் விற்க முடியாது என்று அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஏசி வாங்கும் குடும்பம் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அதைவிட விலை கூடிய லேப்டாப்பில், அரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் சிப்புக்கு எத்தனை வாட் கிடைக்கும், எத்தனை டிகிரி அறையில் அதைச் சோதித்தார்கள் என்ற இரண்டே எண்களை அச்சடிப்பது பெரிய காரியமல்ல. கம்பெனிகளிடம் அந்தக் கணக்கு இருக்கத்தான் செய்யும். லேப்டாப்புக்கும் அப்படி ஒரு சட்டம் வரும்வரை, வேலூர், காட்பாடி கடைக்காரர்கள் டெமோ லேப்டாப் ஒன்றை ஏசியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டட்டும். காட்ட மறுக்கும் கடையில் ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள்.