பசை முகரும் பிள்ளைகள்

தெருவில் வாழும் சிறுவர் சிலர் சப்பாத்து ஒட்டும் பசையை முகர்வது விளையாட்டுக்கல்ல. அதிலுள்ள தொலுயீன் போன்ற கரைப்பான்கள் பசியையும் குளிரையும் சற்றுநேரம் மறக்கச் செய்கின்றன, மூளையையும் கெடுக்கின்றன.

இச்சிறுவரோடு பணிபுரிவோருக்கென உலக சுகாதார ஸ்தாபனம் 2000ஆம் ஆண்டில் ஒரு பயிற்சித் தொகுதியை வெளியிட்டது. நல்ல காரியம். ஆயினும் தாதியரும் பொலிசாரும் இரண்டு நாள் மண்டபத்தில் இருந்து சான்றிதழோடு திரும்புவது பயிற்சியாகாது என்பது எமது எண்ணம்.

பசை முகர்ந்த பிள்ளையை வெருட்டித் துரத்தினால் இதயம் திடீரென நின்று உயிர் போகலாம். இதையே முதலிற் படிப்பிக்க வேண்டும். அடுத்து, "ஏன் முகர்கிறாய்?" என்று அதட்டுமுன் "சாப்பிட்டாயா? இரவு எங்கே படுத்தாய்?" என்று கேட்கப் பழக்க வேண்டும். இடம்பெயர்ந்து மரத்தடியில் படுத்தெழும்பிய உங்களுக்கு இக்கேள்வியின் பெறுமதி தெரியும்.

சோறும் படுக்க இடமும் கொடாமல் பசையை மட்டும் பறித்தால், பிள்ளை மறுநாள் வேறொரு டின் தேடிப் போகும்.