முதற்காய் யாருக்கு?

கோடையின் கடைசி நாட்களில் நம் வீட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். மாசியில் ஊன்றிய வெண்டை ஆளுயரம் வளர்ந்து உச்சியில் மட்டும் இரண்டொரு காயைத் தாங்கி நிற்கும். கத்தரி இலைகள் பழுத்திருக்கும். புடலங்கொடி பந்தலிலேயே சருகாகத் தொடங்கியிருக்கும். ஆடி பிறக்கச் சில வாரங்களே இருக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றனர் முன்னோர். பட்டத்தைத் தேடுகிறோம், சரி. விதையை எங்கே தேடுவது?

"கடையில்தான்" என்பதே இன்று நம்மில் பலருடைய விடை. வண்ணப்படம் போட்ட விதை உறை ஒன்றின் விலை பெரிதல்ல; அதற்காக யார் காயைப் பிளந்து, கழுவி, உலர்த்திக் கொண்டிருப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த உறையில் இருப்பது வீரிய ஒட்டு விதையானால், அடுத்த பட்டத்திற்கும் நாம் கடை வாசலில்தான் நிற்க வேண்டும். ஏன்? உயிரியல் பாடத்தில் படித்த கிரிகோர் மெண்டலை நினைத்துப் பாருங்கள். துறவு மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்த அந்தத் துறவி, உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டையாகவே வந்தன. அவற்றை மீண்டும் விதைத்தபோது 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. மறைந்திருந்த குணம் வெளிப்பட்டுவிட்டது! ஒட்டு விதையின் பிள்ளைகளும் இப்படித்தான் தாயைப்போல் இராமல் பலவிதமாகப் பிரிந்துபோகும். நாட்டு விதை அப்படியன்று. வேறு இரகத்தோடு கலவாமல் பார்த்துக்கொண்டால் தாயைப்போலவே பிறக்கும்.

விதை எடுக்கும் வீடுகளிலும் ஒரு வழக்கம் நமக்கு உடன்பாடில்லை. நல்ல காய்களையெல்லாம் குழம்பில் போட்டுவிட்டு, பறிக்க மறந்து முற்றிப்போனதையும் பூச்சி அரித்துக் கடைசியில் மிஞ்சியதையும் விதைக்கு விடுகிறார்கள். மிச்சத்தில் எடுத்த விதை மிச்சம்போல்தானே முளைக்கும்? நோயில்லாமல் முதலில் காய்த்து, நிறையக் காய்க்கும் செடியைத் தேர்ந்து, அதன் தண்டில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி, "இதைப் பறிக்காதே" என்று வீட்டாருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும். இதற்கு மனம் வேண்டும் என்பது உண்மை. வெண்டையில் காயை முற்றவிட்டால் செடி புதிதாகக் காய்ப்பதும் குறைந்துபோகும். அந்தச் செடியிலிருந்து அம்மாவுக்குக் கறிக்குக் காய் கிடைக்காது. இந்தச் சிறு இழப்பை ஏற்பதுதான் விதை காப்பதன் பாதி வேலை.

மீதிப் பாதி எளிது. கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கட்டும். பிறகு பிளந்து நீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். தக்காளிச் சாற்றை விதையோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டால், விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு நீங்கிவிடும். வெண்டையும் பீர்க்கும் கொடியிலும் செடியிலும் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். பூசணிக்கு எச்சரிக்கை தேவை: ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருப்பதால், பக்கத்து வீட்டுப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். எல்லா விதையையும் நன்றாக உலர்த்திச் சாம்பல் கலந்து மூடி வைப்பது பாட்டிமார் முறை. ஈரம்தான் விதைக்கு முதற்பகை. வெங்காய விதையை ஓராண்டுக்குமேல் நம்பவேண்டாம்.

இத்தனை அக்கறை ஒரு கத்தரிக்காகவா என்று சிரிக்காதீர்கள். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டுதோறும் விதை எடுத்து வைத்தவர்கள் இருந்ததால்தான் குறியீடு கொடுக்க ஒரு கத்தரி இருந்தது. பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்காத வைராக்கியத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடல் கடந்த லெனின்கிராடிலும் அது நடந்தது. 1941இல் நகரம் முற்றுகையிடப்பட்டு மக்கள் பட்டினியால் மடிந்தபோது, அங்கிருந்த விதைக் களஞ்சியத்தின் அறிவியலாளர்கள் சிலர் நெல்லும் தானியமும் நிறைந்த அறைகளைக் காத்தபடியே பசியால் இறந்தனர். நம்மிடம் கேட்கப்படுவது ஒரே ஒரு செடிதான்!

நம் வீடுகளில் விதைக் கலயம் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பிலேயே இருந்து வந்திருக்கிறது. எந்தப் புடல் குட்டை, எந்த அவரை பனிக்குத்தான் காய்க்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எழுதி வைத்தவர் குறைவு. பாட்டி மறைந்தால் கலயம் பரணுக்குப் போகிறது. சில ஆண்டுகளில் உள்ளே இருப்பது முளைக்காத பொட்டாகிறது. ஆய்வுக் குறிப்பேட்டில் தவளையின் உறுப்புகளை அழகாக வரைந்த நம் கைகளுக்கு இதையும் எழுதி வைக்கத் தெரியாதா, தோழியரே?

விதைப் பரிமாற்றத்திற்குத் தடையேதும் உண்டோ என்று அஞ்சவும் வேண்டாம். 2001ஆம் ஆண்டுச் சட்டம் உழவர்களுக்குத் தம் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும் பகிரவும் உரிமை தந்திருக்கிறது. ஆடிக்கு முன்னே, பள்ளி திறந்த முதல் வாரங்களில், ஒவ்வொருத்தியும் ஒரு தாள் பொட்டலம் கொண்டு வரலாம். காயின் பெயர், எடுத்த மாதம், விதை முதலில் எந்த ஊரிலிருந்து யார் கையால் வந்தது: இம்மூன்றும் பொட்டலத்தின்மேல் இருக்கட்டும். மூன்றாவதற்கு விடை தெரியாவிட்டால், பாட்டியிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.