சனிக்கிழமை வகுப்பு சலுகையல்ல

"தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று இன்னும் கேட்கிறார்கள். தோழர்களே, பதில் நம் கேத்தலிலேயே கொதிக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்கிறது பாடப்புத்தகம். 6,000 அடிக்கு மேலுள்ள கந்தப்பளையில் காற்றழுத்தம் குறைவு. சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஒரு வெப்பமானி கொடுத்தால் தரம் 7 பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும். கொடுக்கத்தான் ஆளில்லை.

அரைத்த கொழுந்து செம்பு நிறமாவது ஒட்சிசனின் வேலை. அதை நம் பிள்ளை நேரில் பார்க்க வேண்டாமா? ஹெதர்செட் பழைய தொழிற்சாலை ஓட்டலாகி, அதன் இயந்திரங்களைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள். ஓடும் தொழிற்சாலைக்குள் நம் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை நுழைந்தால் துரைமாருக்கு என்ன நட்டம்?

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்க 1970கள் ஆயின. அந்தத் தாமதத்துக்கு வட்டியாகத்தான் இன்று டியூசன் காசு கட்டுகிறோம்.

தரம் 6 முதல் 9 வரை, பாடசாலையிலேயே, சனிக்கிழமைகளில் இலவச விஞ்ஞான, தொழில்நுட்ப வகுப்பு வேண்டும். வரும் ஆசிரியருக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் படி கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. நீங்கள் மலைக்குப் போகும் சனிக்கிழமையில் தம்பியைப் பார்க்க மகளை லயத்தில் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்காம்பரா அன்றும் முழுநாள் திறந்திருக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கைதான்.